காலையிலேயே கொண்டுவரச் சொன்ன ஊசி

— அசையாதேன்னு சொன்னேன்ல, இன்னும் கொஞ்சம் அழுத்தினா தோடு உள்ள போயிடும்...

— போகாதும்மா, வலிக்குது, விடு, அங்க ஓட்டையே இல்ல...

— இருக்கும்! உன்னை மடியில வெச்சுக் குத்த வெச்சவ நானு. ஓட்டை எங்க போகும், கால் முளைச்சு ஓடியா போகும்?

— தூர்ந்து போச்சும்மா. ஒன்பது வருஷமா தோடே போடல. சதை மூடிக்கிச்சு. உன் விரலைப் பாரு, ரத்தம்.

— அந்தக் காது போகட்டும், இந்தக் காதைக் காட்டு.

— ரெண்டும் ஒரே காதுதான். கண்ணுக்கு விடற சொட்டு மருந்து செய்யற ரூமும்மா அது. ஒரு மோதிரம்கூட உள்ள போகக்கூடாது. தலையிலேர்ந்து பாதம் வரைக்கும் வெள்ளை உடுப்பு. வெளிய தெரியறது ரெண்டு கண்ணுதான். என் காதை யாரு பாத்தா? நானே பாக்கல.

— நெக்லஸைப் பாரு, வளையலைப் பாரு. எல்லாம் ஒரே கல்லு, ஒரே வேலைப்பாடு. தோடு இல்லாம இதைப் போட்டா வாசல் கட்டிட்டு கதவு வைக்க மறந்த வீடு மாதிரி இருக்கும்.

— அப்ப நெக்லஸும் வேண்டாம். அந்த ஒத்தைச் செயின் போதும்.

— போதுமாம்! ரேஷன் கடைக்குப் போறவகூட அதைவிட நல்லா போட்டுக்கிட்டுப் போவா. பத்தரே! வளையல் வேலை முடிஞ்சுதா?

— முடிஞ்சுதும்மா. திருகு இறுக்கிட்டேன். எனக்கென்ன, அடுத்தது என்னன்னு சொல்லுங்க.

— உள்ள வந்து இவ காதைக் குத்துங்க.

— அம்மா! என்னைக் கேக்க வேண்டாமா? அவருகிட்ட ஊசிகூட இருக்காது...

— இருக்கு பாப்பா. அம்மாதான் காலையில போன்ல ஊசியும் எடுத்துக்கிட்டு வாங்கன்னாங்க.

— காலையிலேயா? என் காது தூர்ந்து போனது உனக்கு இப்பதானே தெரிஞ்சுது?

— எதுக்கும் இருக்கட்டும்னு சொன்னேன். குறுக்கு விசாரணை பண்ணாதே. நாளைக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு வக்கீலாயிட்டா.

— சரி, விசாரிக்கல. பத்தரே, குத்தினா எப்ப கழட்டலாம்?

— ஆறு வாரம் கழட்டக்கூடாது பாப்பா. கழட்டினா மறுபடி மூடிக்கும்.

— கேட்டியாம்மா? திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும். வாசல்ல கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சுப் பாப்பாங்க. தோடு இருந்தா உள்ள விடமாட்டாங்க. கழட்டிட்டுப் புண்ணோட போனாலும் விடமாட்டாங்க.

— லீவு சொல்லு. கல்யாணப் பொண்ணுக்கு ஆறு வாரம் தரமாட்டாங்களா?

— லீவு தருவாங்க, அந்த நாற்காலியத் தரமாட்டாங்க. காலை ஷிஃப்டு முழுக்க என் பொறுப்பு, நாப்பத்தியொரு பேரு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் அங்க நிக்கலேன்னா அடுத்தவ உக்காந்துடுவா. ஒன்பது வருஷம்மா!

— குரலை இறக்கு. வெளியில சொந்தக்காரங்க இருக்காங்க.

— எனக்கென்ன, ஒண்ணு சொல்லட்டுமா? தோட்டுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு கம்பி வெச்சு, காது மேல மாட்டற மாதிரி பண்ணித் தர்றேன். அரை மணி நேர வேலை. குத்தவே வேண்டாம்.

— உங்களை யாராவது யோசனை கேட்டாங்களா பத்தரே?

— கேக்கலம்மா. எனக்கென்ன.

— பாத்தியா, வழி இருக்கு! பண்ணுங்க பத்தரே.

— வேண்டாம். விழுந்துடும்.

— விழாதும்மா, அதுக்கு நான் பொறுப்பு.

— அப்ப... ஆடும். போட்டோவுல கோணலா தெரியும். குத்தணும்னா குத்தணும்.

— கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்காதேம்மா, எனக்குத் தலை சுத்துது. உக்காரு. அந்தப் பெட்டிய எத்தனை தடவை திறந்து மூடுவே? யாரு என்ன சொன்னாங்க? மாமியாரா?

— அவங்களும் பெரியவங்கதானே.

— அவங்கதான்! போன வாரமே ‘இனிமே எதுக்கு வேலை’ன்னு இழுத்தாங்க. அவங்க பிள்ளைதான் அப்பவே வாயை அடைச்சாரு. ‘அவ போவாம்மா, நானே வண்டியில கூட்டிட்டுப் போவேன்’னாரு. நீயும் பக்கத்துலதானே நின்னே?

— நின்னேன்.

— அதே ஃபேக்டரியில ஸ்டோர்ல இருக்கறவரு. இந்த ஆறு வார விஷயம் தெரிஞ்சா அவங்கம்மாவை ஒரு வழி பண்ணிடுவாரு. போன் எங்க? ரெண்டு நிமிஷம் பேசறேன்.

— போனை வை!

— ஏம்மா?

— வைன்னு சொன்னேன்! முப்பத்தாறு வயசுல அமைஞ்சிருக்கு. வந்து பாத்துட்டு, பலகாரத்தைத் தின்னுட்டு, அப்புறம் சொல்றோம்னு போனவங்க எத்தனை பேருன்னு எனக்குக் கணக்கே விட்டுப்போச்சு. இதுவும் கையை விட்டுப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது கண்ணு.

— அம்மா, அழறியா? ஒரு தோட்டுக்கா?

— மூணு மணிக்கு அலங்காரம் பண்றவ வந்துடுவா. ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை.

— சரி. சரிம்மா. உன்னை இப்படிப் பாக்க என்னால முடியல. குத்தட்டும். அவரு மேனேஜர்கிட்ட பேசி, ஆறு வாரம் அந்த இடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லுவாரு. அவரு ஒருத்தர் என் பக்கம் நின்னா போதும், மத்த யாரு எப்படிப் போனா என்ன. வாங்க பத்தரே, நான் மனசு மாறறதுக்குள்ள.

— எனக்கென்ன... தலையை இப்படிச் சாய்ச்சுக்க பாப்பா. கண்ணை மூடிக்க. அம்மா, பஞ்சைக் குடுங்க.

— ம்.

— பஞ்சும்மா. தட்டுல இருக்கு பாருங்க.

— அம்மா, தோளை ஏன் இப்படிப் பிடிக்கறே? குத்திக்கறது நானா, நீயா?

— எறும்பு கடிச்ச மாதிரிதான் பாப்பா இருக்கும். மூச்சைப் பிடிச்சுக்க. ஒண்ணு... ரெண்டு...

— எடுங்க பத்தரே! ஊசிய எடுங்க! கண்ணு... உன் காது தூர்ந்து போனதை நீ பாக்கல, நான் பாக்கல, உன் மாமியாரும் பாக்கல. மாப்பிள்ளைதான் பாத்திருக்காரு. காலையில எனக்குப் போன் பண்ணி, ‘இன்னைக்கே குத்திடுங்க அத்தை, அப்பதான் திங்கக்கிழமை அவளால உள்ள போக முடியாது, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.