விலை ஏறாத நகரம்

உலகத்துப் பொருளாதார வல்லுநர்கள் எல்லாம் எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு இது: இந்த நகரத்தில் ஒன்றரை வருடமாக எந்தச் சாமானும் விலை ஏறவில்லை. அந்தச் சாதனைக்குக் காரணம் நான். எனக்கு வாய்ச்சண்டை ஆகாது, அவ்வளவுதான் ஐயா.

விலைவாசி அலுவலகத்தில் நான் விலை கேட்பவன். மாதம் ஒருமுறை, சொல்லப்பட்ட கடைகளுக்கு நேரில் போய், சொல்லப்பட்ட சாமான்களின் விலையைக் கேட்டு எழுத வேண்டும். நகரம் முழுவதற்கும் நான் ஒருவன்தான். நான் எழுதுவதை வைத்துத்தான் விலைவாசி ஏறியதா என்று மேலே தீர்மானிப்பார்கள். ஏறினால் ஓய்வூதியமும் ஏறும்.

வாங்காமல் விலை மட்டும் கேட்பவன் படும் பாடு மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. செருப்புக் கடைக்காரர் நாலு பேர் முன்னால் சொல்வார்: "வருஷக்கணக்கா விலை கேக்குறீங்க சார், கால்ல இன்னும் அதே அறுந்த செருப்பு." மாதம் பிறந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. கடை வாசல் வரை போவேன், திரும்புவேன், தெருவைச் சுற்றிவந்து மறுபடி நிற்பேன்.

ஒருமுறை போனபோது அவர் கடைக்கு வார விடுமுறை. கடை மூடியிருந்தால் போன மாத விலையையே எழுதலாம் என்பது விதி. எழுதினேன். அன்று நன்றாகத் தூங்கினேன். அதன்பின் எந்தக் கடைக்கு எந்த நாள் விடுமுறையோ, அந்தக் கடைக்கு அந்த நாளில் போனேன். நேரில் போனேன் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதும் புரட்டு என்னிடம் கிடையாது. வெயிலில் அலைந்து, ஒவ்வொரு பூட்டையும் பார்த்துத்தான் எழுதினேன்.

எங்கள் அலுவலக இயக்குநர் கூட்டம் போட்டு, விலை ஏறாததற்கெல்லாம் தமது தொலைநோக்குதான் காரணம் என்று கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடவில்லை.

என்னோடு இருந்த அக்காவுக்கு ஓய்வூதியம்தான் வருமானம். இதயத்துக்குத் தினம் இரண்டு மாத்திரை. ஒருநாள் மருந்துக் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

"மாத்திரை விலை ஏறிடுச்சாம்டா. என் தம்பியே விலை எழுதுறவன், என்கிட்டயேவான்னு கேட்டேன். முழிக்கிறான். நீ நேர்ல போய்த்தானே எழுதுற?"

"நேர்லதான் போறேன்க்கா."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்ப அவன்தான் திருடன். விலையைக் குறைக்கட்டும், அப்புறம் ரெண்டு போட்டுக்கிறேன்."

அன்றிலிருந்து காலையில் மட்டும் ஒன்று. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லா விலையையும் புதிதாகக் கேட்கவேண்டிவரும், அதுவும் செருப்புக் கடையில் தொடங்கி. மாத்திரையையாவது நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதற்குக் கடை திறந்திருக்கும் நாளில் போகவேண்டும்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுவதாக டாக்டரிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை.

அவளை அடக்கம் செய்த அன்று மருந்துக் கடைக்காரர் வந்திருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை அவரைத் திருடன் என்றுதான் பேசியிருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்களைத்தான் நம்பினாங்க" என்று அழுதார். மரியாதைக்காக அன்று கடையைத் திறக்கவில்லையாம்.

திரும்பும் வழியில் அவர் கடைக்கு நேரில் போனேன். மூடியிருந்தது. மாத்திரைக்குப் போன மாத விலையையே எழுதினேன்.