ஓட்டில்லாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்குக் கிளம்பிய பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவர் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர், மடியில் பலாப்பழம். மூத்தவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

“எங்க பழைய ஹெச்ஓடி என்னை அவமானப்படுத்தினாரே, அதுதாங்க்கா இப்ப என் வேலையக் காப்பாத்துச்சு” என்றார் இளையவர்.

“என்னடி சொல்ற?”

“துறைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுவாரு. பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான் ஓட்டு. மினிட்ஸ் நோட்டுல நான் கையெழுத்து போட்டதும், பக்கத்துல தேதி போட்டு ‘ஓட்டில்லை’ன்னு எழுதுவாரு. ஆறு வருஷம். வூட்டுக்கு வந்து அழுவேன்.”

“அப்புறம்?”

“இந்த வருஷம் என் வேலையப் புதுப்பிக்க, ஆறு வருஷம் வேலை பாத்ததுக்கு ரெக்கார்டு கேட்டாங்க. எங்க வருகைப் பதிவேட்டைக் காணோம். ரிட்டயராகிப் போன அதே ஹெச்ஓடி பஸ் ஏறி வந்து, அந்த நோட்டைத் தேடி எடுத்துக் காட்டினாரு. எல்லாக் கூட்டத்துலயும் நான் இருக்கேன். நேத்து ஆர்டர் வந்துடுச்சு.”

“அப்ப ஏன் அப்படி எழுதினாராம்?”

“அப்படி எழுதினாத்தான் டெம்பரரிய கூட்டத்துல உக்கார வைக்க முடியுமாம். எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“கான்ட்ராக்ட்னு போட்ட கேட் பாஸ் இருந்தாத்தான் எங்களை உள்ள விடுவாங்க, உனக்கு ஓட்டில்லை” என்று மூத்தவர் சிரித்தார். “அதுக்குன்னு பண்ருட்டிக்கே பலாப்பழம் தூக்கிக்கினு போறியே.”

“அவரு வூடு அங்கதானேக்கா. இன்னிக்கும் அவரு நோட்டை நீட்டினா, ஓட்டில்லைன்னு நானே எழுதிக் குடுப்பேன்.”