ஒற்றை ஜெட்

என் தங்கை கணவருக்குச் சட்டைப் பையில் எதுவும் தங்காது. குனிந்தால் பேனா விழும், மூக்குக்கண்ணாடி விழும். அதனால் கருவிக்கூடத்துக்குள் போகும்போதெல்லாம் தன் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார். அது விதிக்குப் புறம்பு. பூமிக்கடியில் இருக்கும் அந்தக் கூடத்தின் வாசலில் ஒரு சாவிப் பலகை உண்டு. உள்ளே போகிறவர் ஆளுக்கொரு சாவி எடுத்துத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். எல்லாச் சாவியும் பலகைக்குத் திரும்பினால்தான் துகள் கற்றை ஓடும்; ஓடும்போது உள்ளே இருப்பவரைக் கதிர்வீச்சு கொன்றுவிடும்.

நாங்கள் இருவரும் ஜெட்டுகளை ஆராய்ந்தோம். புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் நேருக்கு நேர் மோதும்போது உள்ளிருக்கும் குவார்க்குகள் தெறிக்கின்றன. குவார்க்கை யாரும் பார்த்ததில்லை. அது தெறித்த திசையில் துகள்கள் பீய்ச்சியடிக்கும். அந்தப் பீய்ச்சல்தான் ஜெட். ஒரு பக்கம் ஜெட் போனால் எதிர்ப்பக்கமும் ஒன்று போயாக வேண்டும். எங்கள் பதிவுகள் சிலவற்றில் எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. யாருக்கும் சிக்காத புதிய துகள் ஒன்று ஆற்றலைக் கொண்டுபோயிருக்கிறது என்று நான் எழுதினேன். துறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை பார்த்ததில்லை.

வெறுமை எப்போதும் ஒரே மூலையில் இருப்பதை அவர்தான் கவனித்தார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல மச்சான். ஒயர் லூசு. ஜெட்டு ஒழுங்காத்தான் போகுது. நம்ம கருவிக்குத்தான் அந்தப் பக்கம் கண்ணு அவிஞ்சிருக்கு."

"மாநாடு முடியட்டுமே மாப்பிள்ளை."

"நல்லா இருக்கே கதை. நீங்க கைதட்டல் வாங்குவீங்க, அப்புறம் நான் வந்து ஒயரைக் காட்டணுமா? இன்னிக்கே ஃபோட்டோ எடுத்துடுறேன். நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லிக்கங்க."

அவர் நல்லவர். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று காலை இருவரும் உள்ளே போனோம். அவர் கேமராவோடு கருவிக்கு அடியில் மல்லாந்தபடி நுழைந்தார். கூடத்தை மூடுமுன் சுற்றிப் பார்த்து, ஆளில்லை என்று உறுதி சொல்வது அன்று என் பொறுப்பு. சுற்றிப் பார்த்தேன். அவருடைய காலணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெளியே வந்து இரண்டு சாவிகளையும் பலகையில் மாட்டினேன்.

கட்டுப்பாட்டு அறையில் கற்றையை இயக்குபவர் கேட்டார். "உங்க மாப்பிள்ளை எங்க சார்?"

"சாப்பிடப் போயிட்டார். பசி தாங்கமாட்டார்."

அவர் சிரித்தார். நானும்.

கற்றை வருமுன் உள்ளே சங்கு ஊதும். அதைக் கேட்டதும் மாப்பிள்ளை ஓடிப்போய், கற்றையைத் தடுக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார், கொஞ்சம் பயந்துபோவார், படம் எடுப்பது தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அவர் பொத்தானை அழுத்தவில்லை. வேலையை முடித்துவிட்டு, தானாகவே கதவைத் திறந்துகொண்டு வந்தார். கதவு திறந்ததும் கற்றை நின்றது. "எடுத்தாச்சு மச்சான்," என்று கேமராவை என்னிடம் நீட்டினார். பிறகு வாந்தி எடுத்தார். கதிர் பட்டு ஃபிலிம் முழுவதும் கறுத்திருந்தது.

மருத்துவமனையில் அவருக்குத் தோல் உரிந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சாவிய உங்ககிட்ட குடுத்தது என் தப்பு மச்சான். நீங்க மறந்துட்டீங்க, அவ்ளோதான். உங்க மேல பழி வரக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

பேசாதீர்கள், களைப்பாகிவிடும் என்றேன்.

அவர் இறந்தபின் நடந்த முதல் விசாரணையைக் கவனக்குறைவு என்று முடித்தார்கள். மாநாட்டில் பேசும்போது அவரைக் குறிப்பிட்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஊர் திரும்பியதும் ஒயரை நானே இறுக்கினேன். அதன்பின் ஒற்றை ஜெட் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதைப் பார்த்துத்தான் நீங்கள் மறுபடி விசாரிக்க என்னிடம் வந்திருக்கிறீர்கள். சரியான வழி. நாங்களும் இப்படித்தான், தெறித்ததை வைத்துப் பின்னோக்கிப் போவோம்.

ஆனால் உங்கள் கேள்விகள் எளியவை. என் தங்கை கேட்பதுதான் கடினம்.

"சங்கு அவ்வளவு சத்தமா ஊதுமாமே அண்ணா. அவருக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?"

உள்ளே விசிறிகளின் இரைச்சல் அதிகம் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யில்லை. அந்த இரைச்சலுக்காகத்தான், அவர் கருவிக்கு அடியில் நுழையுமுன், காதடைப்பானை நானே அவர் தலையில் மாட்டி இரண்டு பக்கமும் அழுத்திவிட்டேன்.