உக்காரக் கூடாத பிளேட்டு

அது வேணாம்ணே. அதை உள்ள வச்சிடுங்க. நல்லா இல்லைன்னு நான் சொல்லல. நல்லாத்தான் இருக்கும், ஊரே வாங்குதுன்னு நீங்களே சொல்றீங்களே. ஊரே வாங்கட்டும், எனக்கு வேணாம். கண்ணு முன்னால வைக்காதீங்க, பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

என்ன மாதிரி வேணும்னா? வந்ததுலேருந்து அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். கேமரா அடியில முடுக்குற பிளேட்டு ஒண்ணு, ஸ்டாண்டு தலையில அதைக் கவ்விக்கிற கிளாம்பு ஒண்ணு. ரெண்டும் ஜோடியா வேணும். ஆனா இந்த ரகம் வேணாம். ரெண்டு பக்கமும் சரிவா சீவி விட்ட பட்டை மாதிரி இருக்குதே, இந்த ரகம்.

ஐயோ, எனக்கு பிளேட்டுப் பாடம் எடுக்காதீங்கண்ணே. கல்யாணம் ஆன நாளா இதோடதான் குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். பிளேட்டு வாங்குறதுக்கு முன்னால நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? கேமராவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அடியில இருக்குற ஓட்டையில ஸ்டாண்டோட திருகாணியைத் தேடித் தேடிச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள, அங்க மோதிரம் மாத்தி, கைதட்டி, எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க. அப்புறம்தான் இதை வாங்குனோம். வச்சு லீவரைத் தட்டினா டக்குனு பிடிச்சுக்கும். திருப்பித் தட்டினா கையோட வந்துடும். அந்தக் கையோட வர்றதுதாண்ணே என் பிரச்சினையே.

இது என்னது? லீவருக்குப் பதிலாத் திருகுற குமிழா? வாய்தாண்ணே வேற, உள்ள போறது அதே பிளேட்டுதானே. வேணாம். அடுத்தது காட்டுங்க.

இது தெரியும். மேல கேமராவை வச்ச உடனே அதுவே கடிச்சுப் பிடிச்சுக்கும். கேமராவை மட்டுமா கடிக்கும், விரலையும் சேர்த்துத்தான் கடிக்கும். எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு. பையோட வாரு போய் அந்த லீவர்ல மாட்டி இழுத்து, கேமரா குப்புற விழுந்து, லென்ஸுக்கு முன்னால இருந்த கண்ணாடி பொடிப்பொடியாப் போச்சு. விழுந்தது என்னோட கேமராதான். எங்க வீட்ல எது விழுந்தாலும் என்னோடதாத்தான் இருக்கும்.

இந்தக் குட்டிக் குமிழா? இது தோள் வாருக்கு மாட்டுறது. ஸ்டாண்டுக்கும் ஆகும்னு உங்ககிட்ட யாரு சொன்னா? பெரிய லென்ஸைப் போட்டுக் கேமராவை நெட்டுக்குத் திருப்பிப் பாருங்க, வெயிட்டு தாங்காம மெதுவாக் கீழ பார்க்க ஆரம்பிச்சுடும். ஆளோட மூஞ்சியில ஆரம்பிச்சு பெல்ட்டுல போய் நிக்கும் படம். சிரிக்காதீங்க, அந்த ஆல்பத்தைக் குடுத்துட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது நான்.

அண்ணே, போனைக் கீழ வைங்க. எதுக்கு எங்க வீட்டுக்காரருக்குப் போடுறீங்க? அவர்கிட்ட எந்த ரகம் இருக்குன்னு நீங்க கேட்கவே வேணாம், நானே சொல்றேன். இதோ, முதல்ல உள்ள வைக்கச் சொன்னேனே, அதேதான். உங்க கடையில வாங்குனதுதான். அவரோட எல்லா ஸ்டாண்டும் அதுதான், எல்லா கேமராவும் அதுதான். அதனாலதான் நான் வேற கேட்கிறேன். அவரோட பிளேட்டு என் கிளாம்புல உக்காரக் கூடாது. என் பிளேட்டு அவரோட கிளாம்புல உக்காரக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சேன்.

ஆமா, எனக்கும் தெரியும். எல்லாரும் வந்து இது அதுல சேருமா, அது இதுல சேருமான்னுதான் கேட்பாங்க. சேராதது எதுன்னு கேட்டு வந்தவ நான் ஒருத்திதான். பைத்தியம்னு நினைச்சுக்கோங்க, பரவாயில்ல.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. தங்கமான மனுஷன்தான், நான் இல்லைன்னா சொன்னேன்? குடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, எனக்கு உடம்பு சரியில்லைன்னா சமைச்சு வச்சுட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அதனாலதான் யார்கிட்டயும் போய் என்னால குறை சொல்ல முடியல. சொன்னா, ஒரு ஸ்டாண்டுக்காகவா இந்தப் பாடுன்னு என்னைத்தான் திட்டுவாங்க. எங்கம்மாவே திட்டுனாங்க.

வெளிய எல்லாரும் அவருக்கு என்ன பேர் வச்சிருக்காங்க, தெரியுமா? உங்களுக்குத் தெரியாம இருக்குமா. ஒரு நிமிஷம். அதான் அவரு பேரு. பந்தல் போடுறவங்க, சமையல்காரங்க, மேக்கப் போடுற பொண்ணு வரைக்கும், ஒரு நிமிஷம் வந்தாச்சான்னுதான் கேட்பாங்க. எதை எடுத்தாலும் ஒரு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே எடுப்பாரு. கேட்கிறதும் எடுக்கிறதும் ஒண்ணாவே நடக்கும். நான் கண்ணை வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கும்போதே பக்கத்துல கை வரும், லீவரைத் தட்டும், என் கேமரா என் கையில இருக்கும், அவரோட கேமரா என் ஸ்டாண்டுல இருக்கும். திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாரு. பார்த்தா பாவம், அவரு அவரோட வேலையில மூழ்கிப் போயிருப்பாரு.

சொல்லாம இருப்பேனா? வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். சரிம்மா, இனிமே எடுக்க மாட்டேம்பாரு. மனசாரத்தான் சொல்லுவாரு. அடுத்த நிகழ்ச்சியில பழையபடி. என் ஸ்டாண்டுக்குச் சிவப்பு டேப்பு சுத்தி வச்சேன். நல்லா தூரத்துலயே தெரியுதேன்னு அதையே எடுத்துக்கிட்டுப் போனாரு. என் கேமரா அடியில இருக்குற பிளேட்டைக்கூடக் கழட்டி அவரு மாட்டிக்கிட்டுப் போயிருக்காரு. நான் அங்க போய் நிக்கிறேன், கேமரா இருக்கு, ஸ்டாண்டு இருக்கு, நடுவுல இருக்க வேண்டியது இல்ல. மூணு குச்சியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்க வீட்ல ஸ்டாண்டுன்னா நம்ம ஸ்டாண்டு, கேமரான்னா நம்ம கேமரா. படம் மட்டும் அவரு எடுத்தது.

அது கூடப் பழகிப் போச்சுன்னு வைங்க. ஸ்கூல் விழாவுலதாண்ணே என்னால தாங்க முடியல.

எங்க பொண்ணு நாலு பேர் முன்னால வாயே திறக்க மாட்டா. வீட்டுக்கு விருந்தாளி வந்தா கதவுக்குப் பின்னால போயிடுவா. அவளை மேடையேத்திப் பேச வைக்க அந்த டீச்சர் எவ்வளவு பாடுபட்டாங்கன்னு எனக்குத்தான் தெரியும். தினமும் சமையல்கட்டுல என்னை நிக்க வச்சு எனக்குப் பேசிக் காட்டுவா. அவரு ஸ்கூல் வேலையா அங்க படம் எடுக்க வந்திருந்தாரு. நான் அம்மாவாப் போயிருந்தேன். என் கேமராவை என் ஸ்டாண்டுல வச்சு, அவ மூஞ்சிக்குச் சரியா வச்சு, ரெக்கார்டும் போட்டுட்டேன். அவ மைக் முன்னால வந்து நின்னா. உதடு நடுங்குது. வணக்கம் சொல்லி ஆரம்பிச்சுட்டா.

அந்தச் சமயம் பார்த்து சிறப்பு விருந்தினரு வாசல்ல வந்து இறங்கிட்டாரு. இவரோட ஸ்டாண்டு மேடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. கையில பெரிய லென்ஸு. வாசலுக்குப் பக்கத்துல இருந்தது நான். வந்தாரு. ஒரு நிமிஷம்னாரு. தட்டினாரு. கழட்டி என் கையில குடுத்தாரு. தன்னோடதை வச்சு வாசல் பக்கம் திருப்பிட்டாரு.

ரெக்கார்டு ஓடிக்கிட்டேதாண்ணே இருக்கு. அதுல என்ன இருக்குன்னு கேளுங்க. கூரை இருக்கு, ஃபேன் இருக்கு, யாரோ ஒருத்தரோட செருப்பு இருக்கு. எல்லாத்துக்கும் பின்னால அவ குரல் மட்டும் கேட்குது. நான் கேமராவைக் கீழ விடாமப் பிடிச்சு, நேராக்கி, மறுபடி அவ பக்கம் திருப்புறதுக்குள்ள அவ நன்றி சொல்லி இறங்கிட்டா. கேமராதான் பார்க்கல, நானாவது பார்த்தேனா? நானும் பார்க்கல.

வீட்டுக்கு வந்து அவ கேட்டா, அம்மா, நான் பேசுறப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சு, பயந்த மாதிரி தெரிஞ்சுதா? நல்லா இருந்துச்சும்மான்னேன். போட்டுக் காட்டுன்னா. சார்ஜ் இல்லைன்னேன். இன்னைக்கு வரைக்கும் சார்ஜ் இல்லாமத்தான் இருக்கு.

அவர்கிட்ட சொன்னேன். நிஜமாவே வருத்தப்பட்டாரு. போட்டுப் பார்த்தாரு, கேட்டாரு, அப்புறம் என்ன சொன்னாருன்னா, குரல் இருக்குல்ல. அவ்வளவுதான். குரல் இருக்குல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேண்ணே, இவரைத் திருத்த முடியாது, கிளாம்பைத்தான் மாத்தணும்னு.

ம்... இது எப்படி? கனமா இருக்கே. ஒரு பக்கம் சாய்ச்சு உள்ள விட்டு அமுக்கணுமா. எடுக்கணும்னா? இந்தப் பக்கம் பட்டனை அழுத்திக்கிட்டே அந்தப் பக்கம் இழுக்கணுமா. ரெண்டு கையும் வேணும்னு சொல்லுங்க. தெரியாதவங்க தொட்டா வராது. இதைத்தாண்ணே முதல்லயே காட்டியிருக்கணும்.

பேட்டரி மூடி திறக்குதா பாருங்க. சில பிளேட்டு அதை அடைச்சுடும், நடுவுல பேட்டரி மாத்தணும்னா மொத்தத்தையும் கழட்டணும். ஆ, இது திறக்குது. சரி. இப்ப அந்த ஊரே வாங்குற பிளேட்டை எடுங்க. எடுங்கண்ணே, திட்ட மாட்டேன். இதுக்குள்ள போட்டுப் பாருங்க. அமுக்குங்க. இன்னும் நல்லா அமுக்குங்க. சாய்ச்சு விட்டுப் பாருங்க. நிக்கலையா? ஆட்டுங்க. விழுந்துடுச்சா. அப்பாடா. இந்தப் பிளேட்டை அவரோட ரகக் கிளாம்புலயும் வச்சுப் பாருங்க. வழுக்குதா. நல்லதாப் போச்சு. இதையே குடுங்க. என் ஸ்டாண்டு வெளிய வண்டியில இருக்கு, கொண்டு வரேன். பழைய கிளாம்பைக் கழட்டிட்டு இதைப் போட்டுக் குடுத்துடுங்க. பிளேட்டை முடுக்குற அந்தச் சின்ன சாவியைத் தனியா ஒரு கவர்ல போடுங்க, எங்க வீட்ல சாவியும் பொதுச் சொத்து.

அடுத்த வாரம் இல்லண்ணே, இப்பவே வேணும். நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கு. ஸ்டேஷனுக்கு எதிர்ல பெரிய மண்டபம் இருக்குல்ல, அங்க.

ஆமா, அவருக்கும் நாளைக்கு அங்கதான் வேலை. அவரு மாப்பிள்ளை வீட்டுக்கு. நான் பொண்ணு வீட்டுக்கு.

என்னண்ணே, உக்காந்துட்டீங்க? தண்ணி வேணுமா?

நானாப் போய்த் தேடலண்ணே. அந்தக் கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோட சேர்ந்து மாதிரி ஆல்பம் பார்க்க எங்க ஸ்டுடியோவுக்கு வந்துச்சு. ஒரு படத்துல கையை வச்சு இதை எடுத்தது யாருன்னு கேட்டுச்சு. எடுத்தது நான். இவரு, நாங்கதான்னாரு. நான் பக்கத்துல நின்னு படத்தோட ஓரத்தை வெட்டிக்கிட்டிருந்தேன். அது என்னைத்தான் பார்த்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு எனக்குத் தனியாப் போன் பண்ணுச்சு. அக்கா, என் பக்கத்துக்கு நீங்க மட்டும் வருவீங்களான்னு கேட்டுச்சு. வரேன்னுட்டேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

அவருக்கு எங்க தெரியும். பொண்ணு வீட்ல வேற ஆளைப் போட்டிருக்காங்கன்னு மட்டும் தெரியும். அதுல ஒரே கடுப்பு. யாரோ கத்துக்குட்டியாம், மேடையில குறுக்க வந்தா ஓரமா நிறுத்திடுவேன்னு சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. நான் கேட்டுக்கிட்டே பரிமாறுறேன். இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்கிறேன்.

பயம்தான். கோவப்படுவாருன்னு பயம் இல்லண்ணே. சந்தோஷப்படுவாரு. அதான் பயம். இப்ப சொன்னேன்னா, அடடே, நம்ம ஆளுதானா, அப்ப ரெண்டு வீட்டு வேலையும் நமக்குத்தான்னு சொல்லி, என்னை எங்க நிக்கணும், என்ன லென்ஸு போடணும்னு இன்னைக்கே சொல்லிக் குடுத்துடுவாரு. நாளைக்குச் சாயங்காலம் பார்த்தா அதுவும் அவரு எடுத்த கல்யாணமா ஆயிடும். நீங்களும் வாய் விட்டுடாதீங்க, என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன், அப்புறம் இந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன்.

நாளைக்கு மேடையில கூட்டம் நெரியும். அவரு எந்த ஆளையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாரு, கண்ணு மாப்பிள்ளை மேலதான் இருக்கும். பக்கத்துல ஒரு ஸ்டாண்டு தெரியும், பழக்கத்துல கை வரும். விரல் லீவரைத் தேடும், இருக்காது. இழுத்துப் பார்ப்பாரு, வராது. அப்பதாண்ணே யாரோடது இதுன்னு திரும்பிப் பார்ப்பாரு. அப்ப சொல்லிக்கிறேன். அதுக்கு முன்னாடி சொன்னா அவருக்குப் புரியாது.