வண்டி உரிகத்தில் இருக்கிறது

காலை வண்டியில் உட்கார இடம் வேண்டுமென்றால் மாரிகுப்பத்திலேயே ஏறிவிட வேண்டும் சார். அடுத்த ரயில் ஸ்டேஷன் சாம்பியனில் ஏறினால் சந்தேகம்தான். அதற்கும் அடுத்தடுத்த உரிகம், கோரமண்டல் ஆட்களுக்கு நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. பல வருடம் அதில் பெங்களூருக்குப் போய்வந்தவன் நான். நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று ஏட்டையா சொன்னார். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் அந்த வண்டியில்தான் பிழைக்கிறது. அதை விட்டவர்களுக்கு அன்றைய கூலி போயிற்று. இது தெரிந்தால் நான் சொல்லப்போவது சுலபமாகப் புரியும்.

பாக்கியவதி அக்கா இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். ஓடும் வண்டியில் ஏற முயன்று விழுந்தார், கவனக்குறைவு என்று. அந்தக் கவனக்குறைவு என்ற சொல் மட்டும் சரியில்லை. அக்கா மிகவும் கவனமானவர். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை தேட மனம் வரவில்லை. வண்டியில் நின்றுகொண்டே யோசித்து வைத்திருந்த ஒரு செயலியைச் செய்தேன். ‘வண்டி எங்க’ என்று பெயர். மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்களின் கைப்பேசிகள் வண்டி நகர நகர இடத்தைச் சொல்லிக்கொண்டே வரும். அடுத்தடுத்த ஸ்டேஷன்காரர்கள் வீட்டில் இருந்தபடியே பார்த்து, சரியான நேரத்துக்குக் கிளம்பலாம். முதலீடு என்று யாரிடமும் போய் நிற்கவில்லை. என் கைக்காசு, என் உழைப்பு. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு.

அதை ஊரெல்லாம் பரப்பியவர் பாக்கியவதி அக்காதான். கோரமண்டலில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில், எங்கள் வீட்டுக்கு இரண்டு லைன் தள்ளி இருந்தார். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. முன்பெல்லாம் வண்டி எப்போது வருமோ என்று பயந்து, முன்னதாகவே போய்ப் பிளாட்பாரத்துக் குளிரில் உட்கார்ந்திருப்பார். செயலி வந்த பிறகு அந்த நேரம் அவருக்கு வீட்டில் மிச்சமாயிற்று. மகள் பவ்யாவை எழுப்பி, தலை பின்னிவிட்டுக் கிளம்புவார். அதற்கு முன் அந்தப் பெண் அம்மா கையால் பின்னிக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அந்த நன்றியில், வண்டியில் பக்கத்தில் நிற்பவர்களின் கைப்பேசியை எல்லாம் வாங்கித் தானே ஏற்றிக் கொடுப்பார். “நம்ம உதய் பண்ணது, போட்டுக்கோங்க. காசு கீசு ஒண்ணும் இல்ல” என்பார்.

காசு இல்லை என்பதுதான் எனக்குப் பிரச்சினை. இலவசமாகக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது, அதில் சிலரைக் காசு கட்ட வைப்பது, இதுதான் இந்தத் தொழிலின் வழி. கட்டினால் விளம்பரம் வராது, வண்டி நெருங்கும்போது மணி அடிக்கும் என்றெல்லாம் வைத்துப் பார்த்தேன். யாரும் கட்டவில்லை. இலவசமே நன்றாக வேலை செய்யும்போது எதற்குக் கட்டுவார்கள்? ஆள் சேரச் சேர சர்வர் செலவுதான் ஏறியது. பிறகு, வண்டி இருக்குமிடம் காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்று மாற்றினேன். பாதிப் பேர் செயலியை அழித்துவிட்டார்கள். அவர்கள் போனதும் இடம் சொல்லக் கைப்பேசிகள் இல்லை. காசு கட்டிய கொஞ்சப் பேருக்கும் வண்டி தெரியாமல் போயிற்று.

ஆக, இலவசக்காரர்கள் விட்டுப் போகவும் கூடாது, திருப்தியாக இருக்கவும் கூடாது. நீங்களே யோசித்துப் பாருங்கள், வேறு என்ன வழி இருந்தது? மறுபடி எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஆனால் காசு கட்டாதவர்களுக்குச் சில நாள் வண்டி கொஞ்சம் பின்தங்கி வருவதாகக் காட்டும். மற்ற நாளெல்லாம் சரியாகவே காட்டும். எப்போதாவது ஒரு காலை, ஸ்டேஷனை அடையும்போது வண்டியின் முதுகு தெரியும். அன்று சாயங்காலம், ‘துல்லியமான இடம் வேண்டுமா?’ என்று ஒரு செய்தி போகும். இப்போது கட்டினார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வண்டி அங்கேதான் இருந்தது.

போனில் பதில் சொல்ல ரெபேக்காவை வைத்திருந்தேன். மாரிகுப்பத்துப் பெண், பொறுமைசாலி. யார் புகார் சொன்னாலும் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அவளுக்கு இதில் பங்கு இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

யாருக்குத் தப்பாகக் காட்டுவது என்பதிலும் எனக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கிளம்பும் நேரத்தில் செயலியை ஒரு தடவை திறந்து பார்ப்பவர்கள் வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்குப் போவார்கள். திறந்து திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் அந்த வண்டியை விட்டால் கதி இல்லை. கதி இல்லாதவர்கள்தான் கடைசியில் கட்டுவார்கள். அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிக் காட்டினேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது. இந்தத் தொழிலில் பெரிய கம்பெனிகளுக்கே இவ்வளவு நுட்பமாகத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னா உதய், உன் ஆப்புக்கு இன்னா ஆச்சு? வண்டி இங்க வந்து நிக்குது, அது இன்னும் பாதி வழியிலயே கீதுன்னு காட்டுது. நேத்து ஓடிப்போய்த்தான் புடிச்சேன்.”

“சிக்னல் பிரச்சினைக்கா. சரி பண்ணிட்டிருக்கேன்.”

“காசு கட்டுனா கரெக்டா காட்டுதுன்றாங்களே?”

“கட்டுனா இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கும்.”

அக்கா சிரித்துவிட்டார். “எங்கிட்டயேவா? உனக்குப் பாதி வண்டிய சேத்துவுட்டது நானு. போப்பா. நான் முன்ன மாதிரியே நேரத்தோட போய் உக்காந்துக்கறேன். மத்தவங்களுக்கும் அதயே சொல்லிடறேன்.”

அக்காவுக்கு மட்டும் இலவசமாகச் சரியான இடத்தைத் திறந்துவிடுவது எனக்கு ஒரு விரல் சொடுக்கும் வேலை. ஆனால் அவர் வாய் சும்மா இருக்காது. உதய் எனக்கு மட்டும் போட்டுக் கொடுத்தான் என்று பெட்டி முழுக்கச் சொல்வார். அவர் முன்னதாகக் கிளம்பினாலும் அவர் பேச்சைக் கேட்டு மற்றவர்களும் கிளம்புவார்கள். அப்புறம் செயலியைத் திறப்பவர் யார்?

“வேணாம்க்கா. எதுக்குக் குளிர்ல போய் உக்காரணும்? நாளையில இருந்து சரியாயிடும். நம்பிக் கிளம்புங்க” என்றேன்.

“நீ சொன்னா சரி” என்றார். தட்டில் வைத்த முறுக்கில் இரண்டைப் பவ்யாவுக்கு என்று எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். புகாரும் சொல்கிறார்கள், செயலியை அழிக்கவும் இல்லை, காசும் கட்டவில்லை என்றால், அவர்கள் கட்டுவதற்கு மிக அருகில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு முழு ஸ்டேஷன் தள்ளிக் காட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். அக்கா அதில் வருவார் என்பது எனக்குத் தெரியும். அவரை மட்டும் அதிலிருந்து எடுத்திருக்கலாம். ஒருவருக்காக விதியை மாற்றினால் சோதனை கெட்டுப்போகும்.

அன்று காலை நான் கம்ப்யூட்டரின் முன்னால்தான் இருந்தேன். வண்டி கோரமண்டலுக்குள் நுழையும்போது அக்காவின் கைப்பேசி இன்னும் லைன் வீட்டிலேயே இருந்தது. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. உரிகம் என்று பார்த்துக்கொண்டு, பின்னலை முடித்திருப்பார். பிறகு ஹாரன் சத்தம் கேட்டிருக்க வேண்டும். புள்ளி நகரத் தொடங்கியது. அவ்வளவு வேகமாக அக்காவால் ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. வண்டி கிளம்பிவிட்டது. கம்பியைப் பிடித்தார், கை வழுக்கியது என்று பார்த்தவர்கள் சொன்னது உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

ஒரு விஷயம் அதில் இருக்காது. அக்காவின் கைப்பேசி உடையவில்லை. தண்டவாளத்து ஜல்லியில் கிடந்தபடி, வண்டிக்குள் இருப்பதுபோல வெகுநேரம் இடம் சொல்லிக்கொண்டே இருந்தது. வண்டி பங்காரப்பேட்டைக்குப் போன பிறகும், அது கோரமண்டலில் நிற்பதாகக் காசு கட்டியவர்கள் சிலருக்குக் காட்டியது. அந்தக் கைப்பேசியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் நான் அங்கே ஓடினேன். காசு கட்டியவர்களுக்குத் தப்பாகக் காட்டக் கூடாது என்பதில் நான் எப்போதும் கண்டிப்பு.

அடக்கத்துக்கு எல்லாச் செலவும் செய்தேன். அக்காவின் வீட்டுக்காரர் மனோகர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ குடுத்த நேரத்துலதான் என் பொண்ணு அவ அம்மாவோட ரெண்டு வார்த்த பேசுச்சு. நல்லா இருப்பா” என்றார். அந்த நேரத்தில் எதையாவது சொல்லி அவரை நோகடிப்பது முறையல்ல.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஓர் இரங்கல் செய்தி அனுப்பினேன். ஓடும் வண்டியில் ஏறாதீர்கள், உங்களை நம்பி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று உருக்கமாகவே எழுதியிருந்தேன். செய்தியின் அடியில் துல்லியமான இடத்துக்கான பட்டன் இருந்தது. எல்லாச் செய்தியிலும் அது தானாக வரும், எடுக்க மறந்துவிட்டேன். பிறகு பார்த்தபோது நிறையப் பேர் அதை அழுத்திக் கட்டியிருந்தார்கள். பயந்திருந்தார்கள், பாவம். எடுக்கத் தோன்றவில்லை. அந்த மாதம்தான் தொழில் முதன்முறையாகச் சொந்தக் காலில் நின்றது.

நேற்று ரெபேக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, அன்னைக்கு அக்கா போன்ல இன்னா காட்டுச்சு?”

நான் மறைக்கவில்லை. எடுத்துக் காட்டினேன். ‘வண்டி உரிகத்தில் இருக்கிறது’ என்று இருந்தது. வண்டி கோரமண்டலில் நின்ற நேரத்தையும் காட்டினேன்.

“நானு எல்லாருக்கும் நெட்வொர்க்குன்னு சொன்னேனே அண்ணா. அக்காவுக்கும் சொன்னேனே.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் உங்களிடம் வருவாள் என்று தோன்றியது. அழுதுகொண்டு ஏதாவது கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடுவாள். நான் சொன்னால் முன்பின் ஒழுங்காக இருக்கும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா எங்கே இருந்தார் என்றும் தெரியும். தெரிந்தேதான் அப்படிக் காட்டினேன்.

அதை நிறுத்தியாயிற்றா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். நாளைக் காலை வண்டிக்கும் அப்படியேதான் காட்டும். இப்போது போய் நிறுத்தினால், நான் ஏதோ தப்பு செய்தவன்போல ஆகிவிடும்.