முதல் போர்டு பெரிதாக இருக்க வேண்டும்

முதன்முதலாக அலையில் ஏறுகிறவருக்குப் பெரிய போர்டுதான் கொடுக்க வேண்டும். சின்னது பார்க்க ஜோராக இருக்கும்; ஏறிய வேகத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். இதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். உங்கள் அறிக்கையில் ‘பொருந்தாத போர்டினால் நேர்ந்த விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக இந்த ஏரியில் வேக்சர்ஃப் கற்றுக்கொடுக்கிறேன். ஓடுகிற படகு கிளப்பும் அலையில், கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு அதை விட்டுவிட்டுச் சறுக்கும் விளையாட்டு அது. இன்றுவரை ஒருவருக்கும் தப்பான போர்டு கொடுத்ததில்லை. என் தங்கை புருஷனுக்கா கொடுப்பேன்?

அவர் எண்பத்திரண்டு கிலோ. ஐந்தடிக்கு மேல் நீளமும் நல்ல தடிமனும் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அடியில் மீன் துடுப்பு மாதிரி மூன்று பெரிய ஃபின் மாட்டினேன். அவை இருந்தால் போர்டு தறிகெட்டுத் திரும்பாது. பழைய மெழுகைச் சுரண்டிவிட்டு, கால் வழுக்காதபடி புதிதாகத் தேய்த்தேன். லைஃப் ஜாக்கெட்டின் வாரையும் நானே இழுத்துப் பூட்டினேன். “மச்சான், குழந்தைக்குச் சட்டை போடுற மாதிரி போடுறீங்களே” என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை.

ஆனால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. விமானத்தில் ஒன்பது மணி நேரத் தொலைவில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். அவளுக்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். அவளோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளாக அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை. அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கேட்டதற்கு, “அண்ணா, எனக்கும் போகணும்னு ஆசையாத்தான் இருக்கு” என்றாள். பயந்த பெண் அப்படித்தான் சொல்வாள். முகத்தில் பயம் தெரியவில்லை, உண்மைதான். சின்ன வயதிலிருந்தே எதையும் மறைப்பதில் கெட்டிக்காரி.

எங்களிடம் இரண்டு படகுகள் உண்டு. பெரியதில் விசிறி படகின் வயிற்றுக்கடியில், யாருக்கும் எட்டாத இடத்தில் சுழலும். சறுக்குவதற்கு அதுதான். மற்றதில் மோட்டார் பின்பக்கம் வெளியே தொங்கும். அது சாமான் ஏற்ற மட்டும். சறுக்குகிறவர் படகின் பின்விளிம்புக்குக் கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார் என்பதால் அந்தப் படகை இதற்குத் தொடவே கூடாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. மாப்பிள்ளைக்குத் தெரியாது. “பெரிய படகு ரிப்பேர், மாப்ள. இதுலயே போயிடலாம்” என்றேன்.

“நீங்க இருக்கும்போது எனக்கென்ன மச்சான்” என்றார்.

ஒரு பக்கம் தண்ணீர்ப் பைகளை நிரப்பிப் படகைச் சாய்த்தேன். அந்தப் பக்கம் அலை நன்றாக எழும்பும். மூன்றாவது முயற்சியிலேயே எழுந்து நின்றுவிட்டார். போர்டு அப்படி. கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு வேகத்தைச் சட்டென்று குறைத்தேன். வந்த வேகத்தில் படகில் மோதி விழுந்தார். நெற்றி பிளந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே வந்து, தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார். நான் பின் கியர் போட்டேன்.

முதலில் அந்தக் கைதான் போனது. “மச்சான், மோட்டாரை நிறுத்துங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று அலறினார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார், பாவம். திரும்பி அவர் கண்ணைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னொரு முறை பின்னுக்கு எடுத்தேன். ஜாக்கெட் வார் விசிறியில் சுற்றிக்கொண்டு மோட்டார் திணறி நின்றபோது அவருக்கு நெஞ்சு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. போர்டு ஒரு கீறல்கூட இல்லாமல் பக்கத்தில் மிதந்தது. அதை முதலில் எடுத்து வைத்தேன். அப்புறம்தான் அவரை.

ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள், சார். போர்டில் குறையில்லை. கொன்றது நான்.

நேற்றே தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் எதையும் ஒளித்துப் பழக்கமில்லை. “எல்லாம் உனக்காகத்தாம்மா” என்றேன். அவள் அழவில்லை. “நான் கேட்டேனா?” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அதிர்ச்சியில் அப்படித்தான் பேச வரும். நாலு நாள் போனால் சரியாகிவிடுவாள். இனி அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?