ஐந்து செக்கன்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தாள்கள் பறந்தால் அளவீடுகளின் ஒழுங்கு குழம்பிவிடும்.

கிளிநொச்சியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் நோயாளர் பதிவுகளை நான் பராமரித்தேன். போன ஆவணியில் என் மனைவி யூலியானா காய்ச்சலோடு அங்கே வந்தாள். தாதி அவளுடைய பதிவைத் திறந்தார். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டார். ஊசி ஏறி மூன்று நான்கு செக்கனில் சிவப்பெழுத்து வந்தது: பெனிசிலின் ஒவ்வாது. அன்றே அவள் இறந்துவிட்டாள். அப்போது நான் கீழே கணினி அறையில் அதே மந்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நான்கு மாதம் அளந்தேன். வழக்கமாகத் தரவுத்தளம் கோப்பு முறைமையின் மேல் இருக்கும். கோப்பு முறைமை இடையில் இருக்கும் எழுதுவினைஞர் மாதிரி. எந்தப் பதிவு எங்கே என்று அதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். றோ டிஸ்கில், அதாவது கோப்பு முறைமையே போடாத டிஸ்கில், அந்த ஆள் இல்லை. தரவுத்தளம் நேரே போய் எடுக்கும். ஒரே கணினி, ஒரே பதிவுகள், நெரிசலான நேரம். ஒரு பதிவைத் திறக்கக் கோப்பு முறைமையில் நாற்பத்தொரு செக்கன். றோ டிஸ்கில் முப்பத்தாறு. இருநூறு தடவை பார்த்தேன். வித்தியாசம் ஐந்துதான். அதைப் பெருப்பித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தாள்களை என் மேலாளர் சஜீவன் அண்ணையிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

"அஞ்சு செக்கனுக்கோ இந்தப் பாடு? அஞ்சு செக்கனிலை ஆரடாப்பா சாகினம்?"

பிறகு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தேத்தண்ணி குடிப்பமே?" என்றார்.

அடுத்த கிழமை, கேட்காமலே பதிவுகள் அனைத்தையும் றோ டிஸ்குக்கு மாற்றினேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. கோப்பு முறைமை இல்லாததால், திறந்து பார்ப்பவருக்கு அது வெறும் டிஸ்க். வெளியில் பெயர் எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம். நான் ஒட்டவில்லை.

வாசல் கமராவுக்கு டிஸ்க் தேடிக்கொண்டு சஜீவன் அண்ணை வந்தார்.

"இது வெறுமையாத்தானே கிடக்கு?"

"நீங்களே பாருங்கோ, அண்ணை."

பார்த்தார். வெறுமை, அழித்துப் புதிதாக்கவா என்று கணினி கேட்டது. ஓம் கொடுத்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

என் மேசையில் இன்னொரு றோ டிஸ்கில் முழுப் பிரதியும் இருந்தது. அவரை ஒரு நாள் அலையவிட்டுக் கொடுப்பதாகத்தான் எண்ணம். மறுநாள் காலை தாதி விமலேஸ்வரி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, சபூறா எண்டு முல்லைத்தீவு ஆள். முந்தியும் இஞ்ச வந்தவா. இப்ப கதைக்கிற நிலையில்லை. ஊசி போட வேணும். பதிவு ஏதும் உங்களிட்டை மிஞ்சிக் கிடக்கோ?"

"நில்லுங்கோ அக்கா."

பிரதியைத் திறந்தேன். பதிவு வந்தது. அதே சிவப்பெழுத்து: பெனிசிலின். அவசரத்துக்கு அங்கே எந்த ஊசியை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், சஜீவன் அண்ணை செய்தது சின்னத் தவறாகப் போயிருக்கும். அஞ்சு செக்கனிலை ஆர் சாகினம் என்று அவர் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்திருக்காது.

"எல்லாம் அழிஞ்சிட்டுது, அக்கா. சஜீவன் அண்ணையைக் கேளுங்கோ."

சபூறா பத்து மணிக்குள் இறந்துவிட்டார். முறைப்பாட்டில் சஜீவன் அண்ணையின் பெயர் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். மற்றபடி, என் வேலை பதிவைக் கண்டெடுப்பது, ஐயா. அதை நான் முப்பத்தாறு செக்கனில் செய்தேன்.